எட்டாம் நம்பர் கண்ணாடி மணி

பேக்கரியில் வழி கேட்டீர்களா? அப்படியானால் வழியோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லியிருப்பார்கள். சொல்லுங்கள் சார், கோபித்துக்கொள்ள மாட்டேன். வாயைத் திறக்காமலேயே ஒரு குடும்பத்தைக் கெடுத்த ஆள் என்றார்களா? அதேதான். நினைத்தேன். உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

கம்ப்ரசரில் காற்று ஏற இருபது நிமிடம் ஆகும், அந்தக் காற்றில்தான் பொடியைச் சாமான்மேல் பீய்ச்சி அடிப்பது. அதற்குள் உங்கள் கேள்வியைப் பார்ப்போம். கார் சாமானைச் சுத்தம் பண்ண எந்தப் பொடி நல்லது என்று கேட்டீர்கள். தப்பான கேள்வி. மருந்துக்கடையில் போய் எந்த மாத்திரை நல்லது என்று கேட்பீர்களா? என்ன உலோகம், அதன் மேல் ஒட்டியிருப்பது என்ன, அடித்த பிறகு அந்தப் பொடி எங்கே போய் ஒளிந்துகொள்ளும். இந்த மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நாச்சிமுத்துவும் கேட்கவில்லை.

மணல் என்னிடம் கிடையாது. கல்தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. இந்த டப்பாவில் இருப்பது இரும்பு ஷாட், கடுகு மாதிரி குண்டு. கனத்த இரும்புச் சாமானுக்கு. அலுமினியத்தில் அடித்தால் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும். இது அலுமினா. வெட்டும் பொடி. பெயின்ட் பிடிக்க வேண்டிய இடத்துக்கு. இது வால்நட் ஓட்டுத்தூள். பருப்பை யாரோ தின்றுவிட்டு ஓட்டை நமக்கு விற்கிறார்கள். பிஸ்டன் தலையில் படிந்த கரியை மட்டும் எடுக்கும், உலோகத்தைத் தொடாது. இது கிளாஸ் பீட், கண்ணாடி மணி, நம்பர் ஏற ஏறப் பொடிசாகும். வெட்டாது, தட்டும். லட்சம் குட்டிச் சுத்தியலால் தட்டின மாதிரி. அலுமினியம் அப்போதுதான் வார்த்து எடுத்தது போல மினுங்கும். கடைசியாக சோடா. பஜ்ஜி மாவில் போடுகிறீர்களே, கிட்டத்தட்ட அதே சமாசாரம். மினுக்காது. விபூதி பூசின மாதிரி மங்கலாக விடும். ஆனால் வெந்நீரில் கரைந்துவிடும். எந்தப் பொந்தில் போய் உட்கார்ந்தாலும் சரி, வெந்நீர் போனால் அதுவும் போய்விடும். கண்ணாடி கரையாது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் என் பெயர் கெட்டது.

நாச்சிமுத்து யார் என்று கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். இதே கணபதி ஏரியாவில், அடுத்த வீதியில், பழைய கார் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுகிறவன். கெட்டிக்காரன். அதை மறுக்க மாட்டேன். மனிதர்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அளந்துதான் சொல்வேன். நான் காலேஜில் பிசிக்ஸ் படித்தவன் சார். தேர்டு கிளாஸில்தான் தேறினேன், ஆனால் தேறினேன். அவன் எட்டாவது. எட்டாவது படித்தவன் என்று நான் அவனை இளக்காரமாக நினைத்ததே இல்லை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

பதினோரு வருடம் முன்னால் ஒரு நாள் அவன் நாலு பிஸ்டன்களைக் கொண்டுவந்தான். அலுமினாவில் அடிக்கச் சொன்னான். "நாச்சிமுத்து, மோதிரம் உட்காரும் பள்ளத்தில் இந்தப் பொடி பட்டால் அளவு மாறிவிடும். ஓட்டுத்தூள் போடலாம்" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். கூட இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏனுங்ணா, அழுக்கெடுக்கறது உங்க வேலை. அளவு பாக்கறது என்ற வேலை. கேட்டாச் சொல்லுங்க, போதும்."

கேட்டால் சொல்லுங்கள். அவன் போட்ட சட்டம் சார் அது. நான் போட்டதில்லை. அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில். கூட ஒரு சொல் கிடையாது, குறைய ஒரு சொல் கிடையாது. பொய்யும் கிடையாது. இந்த வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், என் வாயில் பொய் வராது என்பார்கள். பேக்கரிக்காரன் உள்பட.

நாச்சிமுத்து அந்தப் பேச்சை அன்றைக்கே மறந்துவிட்டான். தொடர்ந்து வேலை கொடுத்தான், ணா ணா என்று கூப்பிட்டான், ஆடிக்கு ஆடி மாரியம்மன் கோயில் கூழ் கொண்டுவந்து கொடுத்தான். மறப்பது அவன் சுபாவம். என் சுபாவம் வேறு.

போன தை மாதம் ஒரு மில்காரர் அவனைத் தேடி வந்தார். பொள்ளாச்சிப் பக்கம். பத்தொன்பது பழைய கார்கள் வைத்திருக்கிறார். அதில் ஒன்றை, ஐம்பத்திரண்டாம் வருடத்துச் சீமைக் கார், கறுப்பு, எஞ்சினைப் பிரித்துக் கட்டி ஊட்டி வரை ஓட்டிக் காட்டச் சொன்னார். சரியாக ஓடினால் பத்தொன்பது கார்களும் இனி நாச்சிமுத்துவின் பொறுப்பு. தோட்டத்திலேயே பட்டறை, குடியிருக்க வீடு. அவன் ஆயுசுக்கும் அதுதான் வேண்டும். வாடகைக் கொட்டகையில் இருபது வருடமாக ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே வேலை செய்கிறவன் அல்லவா.

இங்கே பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனபாக்கியம், அவன் மனைவி. அந்தப் பட்டறையில் சாமான் கழுவுவது அவள்தான். கழுவுவது என்றால் நீங்கள் நினைக்கிற கழுவுதல் இல்லை. முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்பு வெந்நீர், அப்புறம் காற்று, அப்புறம் பழைய வேட்டித் துணியைக் கம்பியில் சுற்றி எண்ணெய் ஓடும் துளைக்குள் விட்டு எடுப்பாள். துணி வெள்ளையாக வந்தால்தான் விடுவாள். இல்லாவிட்டால் மறுபடி மண்ணெண்ணெய். நாச்சிமுத்து ஊருக்கெல்லாம் பீற்றிக்கொள்வான்: "என்ற ஊட்டுக்காரி கழுவுனத நாக்குல வெச்சுப் பாக்கலாமுங்." பட்டறைக்கு வருகிற பெரிய மனிதர்கள் அவளையும் ஒரு ஆளாக மதித்து வணக்கம் சொல்வார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. முகத்தில் தெரியும்.

ஒரு புதன்கிழமை நாச்சிமுத்து அந்தக் காரின் முன்மூடியைக் கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அலுமினியம். எஞ்சினுக்கு முன்னால் மூடுகிற தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பம்ப் அதில்தான் உட்காரும். பம்பிலிருந்து எண்ணெய் போகிற வழி அந்த மூடிக்குள்ளேயே துளையாக ஓடுகிறது, பேனா தடிமனுக்கு. துளையின் ஒரு முனையில் ஒரு பித்தளை பிளக். திருப்பிக் கழற்றலாம். ஐம்பத்திரண்டிலிருந்து யாரும் கழற்றவில்லை போலிருக்கிறது, பெயின்டும் பிசுக்குமாக மூடிப்போய்க் கிடந்தது.

"எட்டாம் நம்பர் கிளாஸ் பீட் போட்டுருங்ணா. மொகம் பாக்கோணும். போட்டோ புடிச்சு மெட்ராசுக்கு அனுப்பறாராமா" என்றான்.

நான் அதை மேஜைமேல் வைத்து விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். பிளக்கைப் பார்த்தேன். துளைக்குள் பழைய எண்ணெய் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். ஈர எண்ணெயில் மணி விழுந்தால் என்ன ஆகும்? பிளக்குக்குப் பின்னால் ஒரு அங்குலம், முட்டுச்சந்து மாதிரி. அதில் போய் சிமென்ட் போலக் கெட்டிக்கும். எத்தனை முறை துணி விட்டாலும் துணி நேர்வழியில் போய்விடும், பிளக்கைக் கழற்றாமல் முட்டுச்சந்துக்குள் திரும்பாது. வெள்ளையாகத்தான் வெளியே வரும். பிறகு எஞ்சின் சூடேறி எண்ணெய் கொதிக்கும்போது கெட்டித்தது இளகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். எங்கே போகும்? எண்ணெய் எங்கே போகிறதோ அங்கே. பேரிங்குக்கு, எஞ்சின் தண்டு சுழல்கிற இடத்துக்கு.

இதெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை சார். பார்த்த கணமே தெரிந்தது. அனுபவம்.

அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அதை யாரும் பேக்கரியில் சொல்வதில்லை. "வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா நாச்சிமுத்து?" என்று என் வாயால் கேட்டேன். அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "என்னத்தங்ணா தெரிஞ்சுக்கோணும்? அடிச்சுக் குடுங்க, நாளைக்குச் சாயங்காலம் பாக்கியம் வருவா" என்று போய்விட்டான்.

சரி என்று அடித்தேன். குறை வைக்காமல் அடித்தேன். நாற்பது நிமிடம். முடித்தபோது அந்த மூடி பூஜை அறையில் வைக்கலாம் போல இருந்தது. மறுநாள் பாக்கியம் வந்து வாங்கினாள். வெயிலில் பிடித்துப் பார்த்து, "ஐயோ, கண்ணு கூசுதுங்ணா" என்று சின்னக் குழந்தை மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாசியில் கார் ஊட்டிக்குக் கிளம்பியது. மில்காரர், அவர் சம்பந்தி, பின்னால் நாச்சிமுத்து. மேட்டுப்பாளையம் வரை தையல் மிஷின் மாதிரி ஓடியதாம். மலைப்பாதையில் பர்லியார் தாண்டி இரண்டு வளைவு. மூன்றாவது வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. பின்னால் பஸ் ஹாரன், முன்னால் குரங்குகள். சம்பந்திக்கு முன்னால். மில்காரர் கத்தவில்லையாம். "நீங்க எறங்கி பஸ்ஸைப் புடிச்சு ஊருக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாராம். காரை வேறு யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது கார், பட்டறை, வீடு, எல்லாம் அந்த மூன்றாவது வளைவோடு சரி. எஞ்சினைப் பிரித்தபோது வந்து பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். பேரிங் முழுக்கக் கோடு. எண்ணெயை விரலில் தேய்த்தான் நாச்சிமுத்து. நறநறவென்றது. கண்ணாடி.

இப்போது கவனியுங்கள். ஒரு நியாயமான மனிதன் என்ன செய்வான்? எங்கிருந்து வந்தது, எப்படி நின்றது என்று யாரிடமாவது கேட்பான். அடுத்த வீதியிலேயே முப்பது வருடமாக அதையே தொழிலாகச் செய்கிற ஒருவன் இருக்கிறான். நான் வீட்டில்தான் இருந்தேன். அவன் வரவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய், நாலு மெக்கானிக் நிற்கும்போது, பாக்கியம் கழுவுகிற தகரத் தட்டை எடுத்து வீதியில் வீசினான். "இருவது வருசம் சோறு போட்ட கையை ஒரே நாள்ல கெடுத்துட்டியேடி" என்றான். இனி பட்டறை வாசற்படி மிதிக்கக்கூடாது என்றான். அவள் "நாலு தண்ணி பாத்தனே, துணி வெள்ளையா வந்துச்சே" என்று சொல்லியிருக்கிறாள். "வாய மூடு. கண்ணாடி என்ன வானத்துலருந்தா வந்துச்சு?" என்று கேட்டானாம். அவளிடம் கேட்கிறான், பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் என்னிடம் வந்தாள். அதோ, நீங்கள் வந்த கதவருகேயே நின்றாள். உள்ளே வரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"ஏனுங்ணா, நல்லாக் கழுவுனாக்கூட அந்த மணி ஒண்ணு ரெண்டு ஒட்டிட்டு நிக்குமுங்களா?"

"நிற்கும்" என்றேன்.

உண்மைதானே? நிற்கும். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள். "அப்ப என்ற கைதானுங்" என்றாள். அது கேள்வி மாதிரி எனக்குப் படவில்லை. பேசாமல் இருந்தேன்.

ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டேனா? இல்லை. இங்கேயே வேலைக்கு வரச் சொன்னேன். பாவம் செய்தவன் பரிகாரம் தேடினான் என்கிறார்கள். அபத்தம். நல்ல கழுவுகிற ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தது, வைத்துக்கொண்டேன். பங்குனியிலிருந்து வந்தாள். வெந்நீர்த் தொட்டியை அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தேன். அவள் பட்டறையில் அடுப்பில் காய்ச்சிச் சுமப்பாள், இங்கே குழாயைத் திறந்தால் போதும். ஆனால் ஒரு சாமானை ஏழு தண்ணி, எட்டுத் தண்ணி கழுவ ஆரம்பித்தாள். முடித்ததை மறுபடி எடுப்பாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. "போதும் பாக்கியம்" என்றால், "இல்லீங்ணா, என்ற கையை நம்ப முடியாதுங்" என்பாள். தண்ணீர் செலவுதான், இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனி மாதம் திருப்பூர்க்காரர் ஒருவர் ஒரு முன்மூடி அனுப்பினார். வேறு கார், அதே மாதிரி அமைப்பு. விஷயம் தெரிந்தவர் போலிருக்கிறது, பிளக்கைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடியோடு கம்பியால் கட்டியிருந்தார். பாக்கியம் அந்தப் பையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத எதுக்குங்ணா கழட்டியிருக்கறாங்க?"

கேட்டாள். கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும் சார், பிறவிக் குணம். சாக்பீஸை எடுத்துத் தரையில் படமே போட்டுவிட்டேன். துளை, பிளக், முட்டுச்சந்து, துணி ஏன் வெள்ளையாக வருகிறது, எண்ணெய் சூடானால் என்ன ஆகும், சோடாவாக இருந்தால் ஏன் கவலை இல்லை. பத்து நிமிடம். நல்ல மாணவி, ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.

"அவரு கொண்டாந்ததுல கழட்டி இருந்துச்சுங்களா?"

"இல்லை."

"நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

ஒளித்தேனா? சொல்லுங்கள். கேட்ட உடனே சொன்னேன். அவள் அந்தத் தரைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திருப்பூர்க்காரர் மூடியைக் கழுவினாள். நாலே தண்ணி. துடைத்து வைத்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். நாச்சிமுத்து கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆளே இளைத்திருந்தான். இப்போது லாரிப் பட்டறை ஒன்றில் கூலிக்குப் போகிறான். பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ணா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இவ நேத்து ஊட்ல வந்து உங்களப் பத்தி என்னமோ ஒளறுனா. நீங்க எல்லாம் தெரிஞ்சே அடிச்சுக் குடுத்தீங்கன்னு. சோறு போடறவரையே இப்படிச் சொல்றாளேன்னு எனக்குத் தாங்கலீங்."

"ஒளறலை" என்றாள் பாக்கியம். "அவரக் கேளு."

"கேக்கறதா? அண்ணனையா? வெக்கமா இல்ல உனக்கு? முப்பது வருசத்துல அவரு வாயில ஒரு பொய் வந்துருக்குதா? அப்படி ஒண்ணு இருந்திருந்தா எங்கிட்டச் சொல்லாம விட்ருப்பாரா?"

கேட்டீர்களா? அவன் என்மேல் வைத்திருந்த மரியாதை அது. கேட்கவே மாட்டேன் என்கிறான். எனக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். "ணா, நேத்து எங்கிட்டச் சொன்னதை இவருகிட்டச் சொல்லுங்க. அந்த பிளக்கு இருந்ததை நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

இந்த இடத்தை நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்டவள் அவள். அவளுக்கு முந்தின நாளே பதில் சொல்லியாகிவிட்டது. ஒரே கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை. இப்போது அந்தப் பதில் போய்ச் சேரப்போவது அவனிடம். அவன் கேட்கவில்லை. சட்டம் போட்டவன் அவன்.

"பாக்கியம், நான் கையை விட்டு அடிக்கிற அந்தக் கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டியைப் பார்த்திருக்கிறாய். மணி பட்டுப் பட்டு அந்தக் கண்ணாடி எவ்வளவு மங்கிப் போயிருக்கிறது? கையை உள்ளே விட்டு அடிக்கும்போது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

நீங்களே போய்ப் பாருங்கள் சார், தெரியாது. மேஜைமேல் வைத்துப் பார்த்தது வேறு விஷயம்.

"கேட்டியா?" என்றான் நாச்சிமுத்து. குரல் உயரவில்லை. களைத்துப் போயிருந்தான். "உன்ற தப்புக்கு ஊரெல்லாம் ஆள் தேடாத. அண்ணங்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவனை இல்லை, என்னை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, என் கடிகாரம் உள்ளே இருந்தது. பிறகு, "மன்னிச்சுருங்க" என்றாள். ணா சேர்க்கவில்லை. கவனித்தேன், ஆனால் பெரிதுபடுத்தவில்லை. பரவாயில்லை என்று சொல்லிப் பழத்தில் இரண்டைப் பிய்த்து அவர்களுக்கே கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான்.

கிளம்புகிறவன் வாசலில் நின்றான். தயங்கினான். தலையைச் சொறிந்தான். "ஏனுங்ணா, எனக்காக முகத்தாட்சண்யம் பாக்காதீங்க. உங்க வாயால சொல்லுங்க. மறுபடி பட்டறை போட்டா இவளச் சேத்துக்கலாமான்னு ஒரு யோசனை. இவ கழுவறது எப்படீங்ணா இருக்குது?"

பதினோரு வருடம் சார். தொழில் விஷயமாக நாச்சிமுத்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இரண்டு பேருமே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையில் வாழைப்பழம்கூட இல்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, தோல் உரிந்த கை. அந்தக் கேள்விக்கு எவ்வளவு சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? யோசித்தேன். அங்கே அடுப்பு வெந்நீர், இங்கே குழாய் வெந்நீர். அங்கே நாலு தண்ணி, இங்கே எட்டு. எப்படிப் பார்த்தாலும் ஒரே பதில்தான் வருகிறது.

"முன்னைக்கு இப்போது தேவலை" என்றேன்.